ஹார்ட் டிஸ்க் காலியாக இருக்கும்போதே

போன வைகாசியில் ஒரு முகூர்த்தத்துக்கு மறுநாள், எங்கள் ஊரில் கல்யாண வீடியோ எடுக்கும் அண்ணன் ஒருவர் கடைக்கு வந்தார். கையில் ஒரு துணிக்கடைப் பை. அதற்குள் ஒரே கம்பெனியின் இரண்டு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். இரண்டும் 2 டிபி, இரண்டும் கறுப்பு. ஒன்றின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை.

"தம்பி, புதுசு நல்லாத்தான் இருக்கு. பழசுதான் காலியாயிடுச்சு" என்றார்.

நடந்தது இதுதான். பழைய டிஸ்க்கைச் சொருகினால் அவர் லேப்டாப்பில் எப்போதும் 'ஈ' என்று காட்டும். அன்றைக்குப் புதியதை முதலில் சொருகியிருக்கிறார். 'ஈ' யாரிடமும் இல்லையே என்று விண்டோஸ் அந்த எழுத்தைப் புதியதற்குக் கொடுத்துவிட்டது. பிறகு பழையதைச் சொருகியபோது அதற்குக் கிடைத்தது 'எஃப்'. பெயரைப் பார்த்தாவது தெரிந்துகொண்டிருக்கலாம். ஆனால் இரண்டிலும் கம்பெனி வைத்த பெயரே இருந்தது. 'ஈ' நம்ம பழசு, அப்போ 'எஃப்' தான் புதுசு என்று நினைத்து வலது கிளிக், ஃபார்மட், ஓகே. அந்த ஃபார்மட் பெட்டியில் டிஸ்க்கின் மொத்த அளவு தெரியுமே தவிர, உள்ளே மூன்று கல்யாணம் இருக்கிறது என்பது தெரியாது. போதாக்குறைக்கு, லேப்டாப்பிலிருந்து 40 ஜிபியை அதன் மேலேயே காப்பியும் செய்துவிட்டார்.

குவிக் ஃபார்மட் செய்திருந்ததால் பெரும்பகுதியை மீட்க முடிந்தது. அது கோப்புகளின் பட்டியலைத்தான் புதிதாக எழுதும், கோப்புகள் கிடக்கும் இடத்தைத் தொடாது. ஆனால் மேலே எழுதிய அந்த 40 ஜிபிக்கு அடியில் போனது போனதுதான். மூன்றாவது கல்யாணத்தில் தாலி கட்டும் கிளிப் ஓடவே இல்லை.

புது ஹார்ட் டிஸ்க்கை எப்படித் தயார் செய்வது என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதனால்தான்: அந்த வேலை முடியும்வரை வேறு டிஸ்க், பென்டிரைவ், மெமரி கார்டு எதையும் கம்ப்யூட்டரில் விட்டுவைக்காதீர்கள். எல்லாவற்றையும் கழற்றுங்கள். அப்புறம் புதியதை மட்டும் சொருகுங்கள்.

இன்னொன்றும் சொல்வேன். டிஸ்க் காலியாக இருக்கும் நாளில் என்ன தப்பு செய்தாலும் செலவு இல்லை. பத்து தடவை ஃபார்மட் செய்யலாம், கோளாறு இருந்தால் கடையில் திருப்பிக் கொடுக்கலாம். குழந்தையின் முதல் பிறந்தநாள் படம் உள்ளே போய்விட்ட பிறகு இது எதுவும் நடக்காது. வாரண்டி டிஸ்க்குக்குத்தான், உள்ளே இருக்கும் படங்களுக்கு இல்லை.

சொருகும் இடம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கூடவே வந்த கேபிளையே போடுங்கள். யுஎஸ்பி 3 போர்ட்டில் போடுங்கள், பெரும்பாலும் உள்ளே நீலமாக இருக்கும். டெஸ்க்டாப் என்றால் பின்பக்கம். பழைய யுஎஸ்பி 2 போர்ட்டில் 200 ஜிபி ஏற்ற ஒன்றரை மணி நேரம் தாண்டும், யுஎஸ்பி 3 என்றால் அரை மணி நேரம். டிஸ்க் டிக் டிக் என்று தட்டிக்கொண்டே இருந்தால் முதலில் கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். கரண்ட் போதாமலும் அப்படித் தட்டும். மாற்றியும் தட்டினால் அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோங்கள்.

சில டிஸ்க் சொருகியதுமே திறக்கும், கம்பெனியே ஃபார்மட் செய்து அனுப்பியிருப்பார்கள். சில டிஸ்க் லைட் எரியும், ஆனால் 'திஸ் பிசி'யில் காட்டாது. பயப்பட வேண்டாம். ஸ்டார்ட் பட்டன் மேல் வலது கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். புது டிஸ்க்கை இனிஷியலைஸ் (முதல்முறை தயார்) செய்யட்டுமா என்று கேட்டு, எம்பிஆரா ஜிபிடியா என்றும் கேட்கும். டிஸ்க்கில் எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் இரண்டு முறைகள் அவை. ஜிபிடி கொடுங்கள். எம்பிஆர் 1983-இல் டாஸ் காலத்தில் வந்த கணக்கு, வழக்கமான முறையில் 2 டிபிக்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது. 4 டிபி டிஸ்க்கில் எம்பிஆர் போட்டுவிட்டு, பாதி இடத்தைக் காணோம் என்று வந்தவர்கள் உண்டு. வீட்டுப் பழைய டிவி ஜிபிடியைப் படிக்கவில்லை என்றால் மட்டும், 2 டிபிக்குள் இருக்கும் டிஸ்க்குக்கு எம்பிஆர் போடலாம். அதன் பிறகு கறுப்புப் பட்டையாகத் தெரியும் 'அன்அலோகேட்டட்' இடத்தில் வலது கிளிக் செய்து, நியூ சிம்பிள் வால்யூம்.

இடம் குறைகிறது என்ற சண்டை கடையில் வாரம் ஒரு தடவையாவது வரும். "1 டிபினு காசு வாங்கிட்டு 931 ஜிபி குடுத்திருக்கான்!" யாரும் ஏமாற்றவில்லை. கம்பெனிக்கு 1 டிபி என்றால் ஒரு லட்சம் கோடி பைட். விண்டோஸ் அதை 1024-ஆல் மூன்று தடவை வகுத்து ஜிபி என்று காட்டுகிறது. வகுத்துப் பார்த்தால் 931 தான் வரும்.

நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் ஃபைல் சிஸ்டம், அதாவது டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறை. ஃபார்மட் செய்யும்போது என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட், சில இடங்களில் ஃபேட்32 என்று பெயர்கள் வரும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது, அந்த டிஸ்க் யார் யார் கம்ப்யூட்டருக்கெல்லாம் போகப்போகிறது என்பதைப் பொறுத்தது. வீடியோ அண்ணனையே எடுத்துக்கொள்வோம். அவர் விண்டோஸ் வைத்திருக்கிறார், எடிட்டிங் செய்கிறவர் சென்னையில் மேக் வைத்திருக்கிறார். இவர் என்டிஎஃப்எஸ் போட்டு அனுப்பினால், மேக் அதைத் திறந்து காட்டும், ஆனால் ஒரு கோப்பைக்கூட உள்ளே எழுத விடாது. எடிட் செய்த வீடியோவைத் திருப்பிப் போட வழியில்லாமல், 'டிஸ்க் ரிப்பேர்' என்று எடிட்டர் போன் போடுவார். டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

இரண்டு பக்கமும் போய் வரும் டிஸ்க்குக்கு எக்ஸ்ஃபேட் தான் சரி. விண்டோஸும் மேக்கும் அதைப் படிக்கும், எழுதும். லினக்ஸும் 2019 முதல் தன் மையப் பகுதியான கெர்னலிலேயே அதைச் சேர்த்துக்கொண்டுவிட்டது. ஆனால் ஒரு குறை உண்டு. என்டிஎஃப்எஸ் எந்த மாற்றம் செய்தாலும் ஒரு நாட்குறிப்பு மாதிரி எழுதிக்கொண்டே போகும், நடுவில் கரண்ட் போனால் அதைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். எக்ஸ்ஃபேட்டிடம் அந்தக் குறிப்பு கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்கினால் முழு ஃபோல்டரும் மறையலாம். எனவே விண்டோஸுக்குள்ளேயே இருக்கப்போகும் டிஸ்க் என்றால் என்டிஎஃப்எஸ்ஸே போடுங்கள். எக்ஸ்ஃபேட் போட்டவர்கள் 'இஜெக்ட்' கொடுக்காமல் கழற்றவே கூடாது. 2018 கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து சட்டென்று கழற்றினாலும் தாங்குகிற மாதிரி அமைப்பை மாற்றியிருக்கிறார்கள்தான். அதெல்லாம் டிஸ்க் சும்மா இருக்கும்போதுதான் உதவும்.

ஃபேட்32 வேண்டாம். ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டினால் அதில் ஏறாது. கல்யாண வீடியோ தாண்டும்.

டிவியில் சொருகுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சில டிவிகளில் நிகழ்ச்சியைப் பதிவுசெய்யும் வசதி இருக்கும். அதற்கு டிஸ்க்கைச் சொருகினால், "இதை ஃபார்மட் செய்யட்டுமா?" என்று டிவி கேட்கும். ரிமோட்டில் ஓகே அழுத்தினால், டிவிக்கு மட்டும் புரிகிற விதமாக அதை மாற்றிவிடும். உள்ளே இருந்த படங்கள் போய்விடும். பேரன் ரிமோட்டை வைத்து விளையாடியதில் இப்படி ஆகி வந்த டிஸ்க்கும் பார்த்திருக்கிறேன்.

சரி, குவிக் ஃபார்மட் டிக்கை வைப்பதா, எடுப்பதா? தினசரி வேலைக்கு வைக்கலாம். ஆனால் சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் முதல் நாள் ஒரே ஒரு தடவை அதை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் போடச் சொல்வேன். டிஸ்க்கின் ஒவ்வொரு மூலையிலும் எழுதிப் பார்க்கும் வேலை அது, பலவீனமான இடம் இருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். 2 டிபிக்கு ஐந்தாறு மணி நேரம் ஆகும். ராத்திரி போட்டுவிட்டுக் காலையில் பாருங்கள். லேப்டாப் சார்ஜரில் இருக்கட்டும், ஸ்லீப் போகாதபடி அமைத்துவிடுங்கள். சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டிக்கு இந்த முழு ஃபார்மட் தேவையில்லை.

காலையில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அந்த டிஸ்க்கைத் திறந்து பாருங்கள். 'பவர் ஆன் ஹவர்ஸ்' என்று ஒரு எண் இருக்கும், டிஸ்க் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பது. ராத்திரி நாம் ஓட்டிய மணி நேரம் மட்டும் இருந்தால் அநேகமாகப் புது டிஸ்க். ஆயிரக்கணக்கில் இருந்தால் யாரோ ஓட்டித் தள்ளிய டிஸ்க்கைத் துடைத்து விற்றிருக்கிறார்கள். கீழே 05, சி5 என்ற இரண்டு வரிகள் டிஸ்க்கில் பழுதான, பழுதாகியிருக்கலாம் என்று சந்தேகப்படும் இடங்களின் எண்ணிக்கை; வலது ஓரத்து எண் பூஜ்யமாக இருக்க வேண்டும், புது டிஸ்க்கில் ஒன்று இருந்தாலும் நான் வைத்துக்கொள்ள மாட்டேன். சி7 ஏறினால் பெரும்பாலும் கேபிள் கோளாறு.

நம்ப முடியாத விலைக்கு இணையத்தில் விற்கும் '16 டிபி' பெட்டிகளும் கடைக்கு வருகின்றன. திறந்தால் உள்ளே சின்ன மெமரி கார்டு ஒன்று ஒட்டியிருக்கும். அளவு மட்டும் 16 டிபி என்று பொய் சொல்லும். கோப்புகள் ஏறுகிற மாதிரியே தெரியும், திறந்தால்தான் ஓடாது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஒரு சின்ன மென்பொருள் இருக்கிறது. டிஸ்க் நிறைய எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். சந்தேகம் இருந்தால் அதை ஓட்டிவிடுங்கள், பொய் வெளியே வந்துவிடும்.

பாஸ்வேர்ட் போட நினைப்பவர்கள் காலியாக இருக்கும்போதே போட்டுவிடுங்கள், வேகமாக முடியும். விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கர் போட்டால் 48 இலக்க மீட்புச் சாவி ஒன்றைக் கொடுக்கும். அதைத் தாளில் அச்செடுத்து பத்திரம், பாஸ்புக் இருக்கும் இடத்தில் வையுங்கள். ஒரு வாடிக்கையாளர் அதை லேப்டாப் டெஸ்க்டாப்பில் வைத்திருந்தார். லேப்டாப் மெதுவாக ஓடுகிறது, ஃபார்மட் செய்துகொடு என்று என்னிடமே கொண்டுவந்தார். "பேக்கப் எடுக்கணுமா சார்?" என்று கேட்டேன். "எல்லாம் ஹார்ட் டிஸ்க்ல இருக்குப்பா" என்றார். இருந்தது. இன்னும் இருக்கிறது. டிஸ்க்கின் பாஸ்வேர்டையும் அவர் மறந்துவிட்டார்.

ஒரே டிஸ்க்கை நான்கு டிஸ்க் மாதிரி பார்ட்டிஷன் பிரித்துக்கொடு என்று கேட்பவர்களுக்கு நான் பிரிப்பதில்லை. கீழே விழுந்தால் நான்கும் சேர்ந்துதான் போகும். ஃபோல்டர் போதும்.

கடைசியாக, பெயர். அந்த டிஸ்க்குக்கு உங்களுக்குப் புரிகிற பெயர் ஒன்று வையுங்கள், வெளியே மார்க்கரால் அதையே எழுதுங்கள். பிறகு படங்களை ஏற்றும்போது 'கட்' கொடுக்காமல் 'காப்பி' கொடுங்கள். லேப்டாப்பில் இடம் அடைக்கிறது என்று கட் செய்து புது டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, 'பேக்கப் எடுத்துட்டேன்' என்கிறார்கள். இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இரண்டாவது இடத்திலும் அதே கோப்பு இருந்தால்தான் அதற்குப் பேர் பேக்கப்.

இரண்டு வருஷம் ஒழுங்காக ஓடிய டிஸ்க் ஒருநாள், 'இதைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும்' என்று கேட்கும். புது டிஸ்க் முதல் நாள் கேட்கிற அதே வாசகம், அதே பெட்டி. கை பழக்கத்தில் ஓகே பக்கம் போகும். கேன்சல் கொடுங்கள், கழற்றுங்கள், வேறு கேபிளில் வேறு கம்ப்யூட்டரில் பாருங்கள். அங்கேயும் கேட்டால் எதையும் அழுத்தாமல் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

வீடியோ அண்ணனின் டிஸ்க் இரண்டிலும் இப்போது வெள்ளை மார்க்கரில் பெரிதாக எழுதியிருக்கிறது: 'ஒரிஜினல்', 'காப்பி'. அந்தத் தாலி கட்டும் காட்சியை மணமகளின் சித்தி பையன் செல்போனில் எடுத்திருந்தானாம், நெட்டுக்குத்தாக. கெட்டிமேளச் சத்தத்தோடு அதைத்தான் இரண்டு பக்கமும் பூ டிசைன் வைத்துச் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். வீட்டுக்காரர்கள் பூ நல்லா இருக்கு என்றார்களாம்.