ட்ரோன் தொழில்: மத்திய அரசின் விதி எது, மாநிலத்தின் கையில் இருப்பது எது?

கல்யாண வீடியோ, வயலுக்கு மருந்து அடிப்பது, நில அளவை என ட்ரோனை நம்பித் தொழில் செய்பவர்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அனுமதியை யாரிடம் வாங்குவது என்பதில்தான் குழப்பம். விமானப் போக்குவரத்து, மத்தியப் பட்டியலில் உள்ள விஷயம். அதனால் 2021 ஆகஸ்ட் 25 அன்று வெளியான ட்ரோன் விதிகள்தான் நாடு முழுவதற்கும் பொது. மாநிலத்துக்கென்று தனி லைசென்ஸ் கிடையாது. 2021 செப்டம்பரில் தெலங்கானா அரசு விகாராபாத்தில் ட்ரோனில் மருந்து அனுப்பிப் பார்த்தபோதுகூட, மத்திய அமைச்சகத்திடம் விலக்கு வாங்கித்தான் பறக்கவிட்டது.

முதலில் எடையைப் பாருங்கள். 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. கல்யாண ட்ரோன்கள் பெரும்பாலும் மைக்ரோவில் வரும். மைக்ரோவுக்கு பைலட் சான்றிதழ் வேண்டாம் என்று பலர் சொல்வது பாதி உண்மைதான். பொழுதுபோக்குக்குப் பறக்கவிட்டால் வேண்டாம். காசு வாங்கினால் கட்டாயம் வேண்டும். 18 முதல் 65 வயதுக்குள் இருந்து, பத்தாம் வகுப்பு தேறியவர்கள் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி மையத்தில் இதைப் பெறலாம். பத்து வருடம் செல்லும். அப்புறம், மத்திய அரசின் இணையதளத்தில் ட்ரோனைப் பதிவு செய்து அதற்குரிய எண்ணை வாங்க வேண்டும். கட்டணம் 100 ரூபாய். நானோ தவிர மற்றவற்றுக்கு மூன்றாம் நபர் காப்பீடும் தேவை.

எங்கே பறக்கலாம் என்று காட்டும் வான்வெளி வரைபடம், மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் இருக்கிறது. பச்சைப் பகுதியில் 400 அடி வரை தனி அனுமதி இல்லாமல் பறக்கலாம். விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 200 அடிதான். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவே கூடாது.

சரி, மாநிலத்துக்கு என்ன வேலை? அவசரத் தேவை என்றால் மாநில அரசோ காவல்துறையோ ஓர் இடத்தைத் தற்காலிக சிவப்புப் பகுதியாக அறிவிக்கலாம். ஒரு தடவைக்கு அதிகபட்சம் 96 மணி நேரம். எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் அறிவிக்க முடியும். அதையும் டிஜிட்டல் ஸ்கையில் போட்டு, வரைபடத்தில் காட்ட வேண்டும். தேவைக்கு மேல் பரப்பை விரிக்காமல் இருக்க முயல வேண்டும் என்றும் விதி சொல்கிறது. தலைவர்கள் வருகை, பெரிய திருவிழா போன்ற சமயங்களில் இது வரலாம். முன்கூட்டியே தெரிந்த நிகழ்ச்சிக்காவது சில நாள் முன்னதாக அறிவித்தால், முன்பணம் வாங்கிய ஆபரேட்டரும் கல்யாண வீட்டாரும் கடைசி நேரத்தில் தவிக்க மாட்டார்கள். காவல்துறை இதை அவசியம் செய்ய வேண்டும்.

விதியை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. உள்ளூர் ஸ்டேஷனில் கடிதம் கொடுத்து வைப்பது நல்லதுதான், ஆனால் அது சான்றிதழுக்கு ஈடாகாது. முந்தின நாள் பார்த்த வரைபடத்தை நம்பாமல், பறக்கவிடும் முன் இன்னொரு தடவை திறந்து பாருங்கள். அப்படிப் பார்ப்பது விதிப்படியே கட்டாயம். சிவப்புப் பகுதி அறிவித்தால் ட்ரோன் காட்சி எடுக்க முடியாது என்று புக்கிங் ரசீதிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.