பிராசசருக்குள் ஒரு வெப்பமானி

வடபழனியில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்யும் வாசகர் கேட்டிருக்கிறார்: "ராத்திரி ரெண்டர் போட்டுவிட்டுப் படுக்கிறேன் சார். நடுவில் எழுந்து பார்த்தால் பிராசசர் 94 டிகிரி என்று காட்டுகிறது. கத்திரி வெயில் வேறு. சிப்புக்குள் தெர்மாமீட்டர் எப்படி வைத்தார்கள்? அந்த எண்ணை நம்பலாமா?"

நம்பலாம். காரணம் மிக அழகானது.

சூடு எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்த கதைதான். கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் நொடிக்குப் பல நூறு கோடி முறை தாளம் தட்டும் கடிகாரத்துக்கு ஏற்ப மாறி மாறி இயங்குகின்றன. உள்ளே போகும் மின்சாரம் அனேகமாக முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வரும்.

அதை அளப்பதும் சிலிக்கான்தான். பள்ளியில் படித்த, மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். சிப்புக்குள்ளேயே, அதே சிலிக்கானில் அதைச் செய்துவிடலாம். மின்னோட்டத்தை மாற்றாமல் சூட்டை மட்டும் ஏற்றினால், டையோடின் குறுக்கே உள்ள மின்னழுத்தம் டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும். இதையே வெப்பமானி ஆக்கிவிடலாமே என்று தோன்றும். சிக்கல் என்னவென்றால், ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்த இரண்டு டையோடுகள்கூட ஒரே மின்னழுத்தத்தைக் காட்டாது.

இங்கேதான் அந்த நுட்பம் வருகிறது. ஒரே டையோடில் முதலில் சிறு மின்னோட்டம் ஒன்றைச் செலுத்தி மின்னழுத்தத்தை அளக்கிறார்கள். பிறகு அதைப்போல் 10 மடங்கு செலுத்தி மறுபடி அளக்கிறார்கள். இரண்டையும் கழிக்கிறார்கள், அவ்வளவுதான். முள் சரியாகப் பூஜ்யத்தில் நிற்காத எடை மேடையில் அம்மா குழந்தையோடு ஒருமுறை, தனியாக ஒருமுறை ஏறினால் குழந்தையின் எடை சரியாகக் கிடைத்துவிடும் அல்லவா, அதே கணக்கு. உற்பத்தியில் வந்த வேறுபாடு இரண்டு அளவிலும் இருப்பதால் கழிந்துபோகிறது.

மிஞ்சும் வித்தியாசம் எதைப் பொறுத்தது? எலக்ட்ரான்கள் தங்கள் வெப்ப ஆற்றலைக் கொண்டுதான் டையோடுக்குள் இருக்கும் தடுப்பைத் தாண்டுகின்றன. குளிரில் அவற்றின் ஆற்றல்கள் நெருங்கிக் கிடக்கும்; லேசாகத் தள்ளினாலே பத்து மடங்கு எலக்ட்ரான்கள் தாண்டிவிடும். சூட்டில் ஆற்றல்கள் பரவிக் கிடப்பதால் அதே பத்து மடங்குக்குக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டும். 27 டிகிரி செல்சியஸில் அது ஏறக்குறைய 59.5 மில்லிவோல்ட். 94 டிகிரியில் 73-க்குச் சற்றுக் குறைவு. இந்தக் கணக்கில் வருபவை வெப்பநிலையை ஆற்றலோடு இணைக்கும் போல்ட்ஸ்மேன் மாறிலி, எலக்ட்ரானின் மின்னூட்டம், நாம் தேர்ந்தெடுத்த அந்தப் பத்து, பிறகு கெல்வினில் வெப்பநிலை. முதல் இரண்டின் மதிப்புகளும் 2019-ல் உலக அளவை முறையில் மாறாதவையாக நிர்ணயிக்கப்பட்டுவிட்டன. வடபழனியில் ரெண்டர் ஓட்டும் ஒரு சிப், தனிச்சுழியிலிருந்து, அதாவது அதற்குக் கீழே குளிரே இல்லை என்ற கெல்வின் பூஜ்யத்திலிருந்து, தன் சூட்டை எண்ணிச் சொல்கிறது! இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு மனம் நிறைகிறது.

சிறு பிழைகளைத் தொழிற்சாலையிலேயே அளவு திருத்திவிடுகிறார்கள். இன்டெல் சிப்புகளில் சென்சார் சொல்வது வெப்பநிலையை அல்ல, உச்சவரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்பதைத்தான். வரம்பு 100, பாக்கி 6 என்றால் மென்பொருள் கழித்து 94 என்று காட்டும். அதனால் வரம்பை நெருங்க நெருங்க எண் துல்லியமாகும். கணினி சும்மா இருக்கும்போது காட்டும் எண்ணை அந்த அளவுக்கு நம்ப வேண்டாம்.

வரம்பைத் தொட்டால் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே நீண்ட வேலைகளில் வெப்பநிலையோடு வேகத்தைச் சொல்லும் கிகாஹெர்ட்ஸையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள். விண்டோஸில் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருள் இரண்டையும் கோப்பில் எழுதிவைக்கும். லினக்ஸில் 'சென்சார்ஸ்' கட்டளை வெப்பநிலையைத் தரும். முதல் ஐந்து நிமிடத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். பிராசசரின் சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகத் தகடுகளான ஹீட்சிங்கும் கேபினெட்டுக்குள் உள்ள காற்றும் சூடேறி நிலைக்கட்டும். அரை மணி கழித்து வரும் எண்தான் கணக்கு. 94-ல் வேகம் குறையாமல் ஓடினால் பயமில்லை. ஏஎம்டியின் ரைசன் 7000 மேசைக்கணினிச் சிப்புகளில் பல முழுச் சுமையில் 95 டிகிரியில் நின்று ஓடும்படியே வடிவமைக்கப்பட்டவை.

ஃபேன் எவ்வளவு சுழன்றாலும் அறைக் காற்றைவிடக் குளிர்விக்க முடியாது. அறை 8 டிகிரி கூடினால் பிராசசரும் கிட்டத்தட்ட 8 டிகிரி கூடும். மொட்டை மாடித் தளத்துக்கு நேர் கீழே இருக்கும் அறை மே மாதத்தில் நள்ளிரவு தாண்டியும் அனல் கக்கும். அங்கே ரெண்டர் போடுவதைவிடக் கணினியைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுவது நல்லது. லேப்டாப்புக்கு அடியில் ஈரத்துணி விரிப்பது ஆபத்து, தயவுசெய்து வேண்டாம். ஆயுத பூஜைக்குத் திருநீறும் குங்குமமும் வைப்பவர்கள் கேபினெட்டின் பக்கத் தகட்டில் வையுங்கள்; முன்பக்க வலையில் வைத்தால் ஃபேன் அந்தப் பொடியை உள்ளே இழுத்து ஹீட்சிங்கின் இடுக்குகளில் அடைத்துவிடும்.

ஆய்வு நிதி ஒதுக்குபவர்களிடமும் ஒரு வேண்டுகோள். தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் 2004-ல் கப்ரு என்ற கணினித் தொகுப்பை அமைத்த ஊர் இது. இன்று சிறு கல்லூரிகளிலும் மாணவர்கள் நாள்கணக்கில் கணக்கீடுகளை ஓட்டுகிறார்கள். இயந்திரத்துக்குப் பணம் கொடுக்கும்போதே குளிரூட்டலுக்கும் பராமரிப்புக்கும் சேர்த்துக் கொடுங்கள். சூட்டில் வேகம் குறைந்த பிராசசர் பிழைச் செய்தி எதுவும் தராது. விடையும் சரியாகவே வரும். இரண்டு நாளில் வரவேண்டியது மூன்று நாளில் வரும். பதிவைத் திறந்து பார்க்காதவரை அது யாருக்கும் தெரியப்போவதில்லை.