பஸ் வலப்பக்கம் திரும்பினால் கேம் கார் ஏன் இடப்பக்கம் ஓடுகிறது?

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் எழுதியிருக்கிறார். 50 ரூபாய்க்குள் கிடைக்கும் மொபைல் கேம்களை விளையாடிப் பார்த்து, எது காசுக்குத் தகும் என்று நண்பர்களுக்கு எழுதிக் கொடுப்பது அவருடைய பொழுதுபோக்கு. போனையே ஸ்டியரிங் மாதிரி சாய்த்து ஓட்டும் கார் கேம் ஒன்றை ஏற்காடு பஸ்ஸில் உட்கார்ந்து விளையாடியிருக்கிறார். அடிவாரம் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் கார் சொன்னபடி கேட்கவில்லை. பஸ் வலப்பக்கம் திரும்பினால் கார் இடப்பக்கம் ஓடிப் போய் சுவரில் மோதுகிறது. பஸ் இடப்பக்கம் திரும்பினால் கார் வலப்பக்கம். "கேமில் கோளாறா, என் போனில் கோளாறா? ஒரே ஒரு ஸ்டார் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்" என்கிறார்.

அவசரப்பட வேண்டாம் தம்பி. இரண்டிலுமே கோளாறு இல்லை.

போன் சாய்வதைக் கண்டுபிடிப்பது அதற்குள் இருக்கும் முடுக்கமானி. ஸ்பிரிங்கில் ஒரு எடையைக் கட்டினால், விசைக்குத் தகுந்தபடி ஸ்பிரிங் நீளும் என்று பள்ளியில் படித்திருப்போம். முடுக்கமானியும் அதுவேதான். சிலிக்கான் சில்லாகச் செய்த முடுக்கமானி 1990களில் கார்களின் ஏர்பேக்கை விரிக்கச் சொல்லும் கருவியாகப் பரவியது. அப்புறம் விலை இறங்கி இறங்கி, இன்று மிகக் குறைந்த விலை ஸ்மார்ட்போனிலும் ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

அந்தச் சில்லுக்குள் இருக்கும் ஏற்பாடுதான் எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சலிக்காத விஷயம். ஒரு மில்லிமீட்டரைவிடச் சிறிய சிலிக்கான் சட்டம், மெல்லிய சிலிக்கான் பட்டைகளால் ஓரங்களில் கட்டப்பட்டு, கீழே எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்கிறது. எடை அந்தச் சட்டம். ஸ்பிரிங் அந்தப் பட்டைகள். சட்டத்தின் இரு பக்கமும் சீப்புப் பற்கள் மாதிரி வரிசையாக நுண்ணிய பற்கள். அசையாத இன்னொரு சீப்பின் பற்கள் அவற்றுக்கு இடையிடையே நுழைந்து, ஆனால் தொட்டுவிடாமல் நிற்கின்றன. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர்தான் இடைவெளி.

எதிரெதிரே நிற்கும் இரண்டு பற்கள் சேர்ந்தால், மின்னூட்டத்தைச் சேமிக்கும் ஒரு மின்தேக்கி. இடைவெளி குறைந்தால் அதன் மின்தேக்குத்திறன் கூடும். இது பிளஸ் டூ பாடம். நகரும் ஒவ்வொரு பல்லுக்கும் இரு பக்கமும் நிலையான பற்கள் இருப்பதால், சட்டம் இடப்பக்கம் நகர்ந்தால் இடப்பக்க மின்தேக்கி கூடும், வலப்பக்கம் குறையும்.

எவ்வளவு நகரும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நொடிக்கு 5000 முறை அதிரும் அளவு விறைப்பான சட்டம் என்று வைத்துக்கொள்வோம். போனை முழுதாகப் பக்கவாட்டில் நிறுத்தி, பூமியின் ஈர்ப்பு மொத்தமும் சட்டத்தின் மேல் விழுந்தாலும், அது நகர்வது 10 நானோமீட்டர்தான். சரி, கேமில் காரை லேசாக ஒடிக்கப் போனை 1 டிகிரி மட்டும் சாய்த்தால்? 0.17 நானோமீட்டர். சிலிக்கான் படிகத்தில் பக்கத்துப் பக்கத்து அணுக்களுக்கு இடையே உள்ள தூரம் 0.235 நானோமீட்டர். அதாவது நம் கை 1 டிகிரி சாயும்போது, உள்ளே இருக்கும் சட்டம் ஓர் அணுவிலிருந்து அடுத்த அணுவுக்கு உள்ள தூரம்கூட நகர்வதில்லை. அதைத்தான் அந்த மலிவான போன் அளந்து, காரைத் திருப்புகிறது.

எப்படி அளக்கிறது? இரு பக்க நிலையான பற்களுக்கும் மின்னழுத்தத்தை வேகமாக ஏற்றி இறக்குகிறார்கள், ஆனால் நேர் எதிராக: இடப்பக்கம் ஏறும்போது வலப்பக்கம் இறங்கும். சட்டம் நட்டநடுவே நின்றால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, நடுப் பல்லில் பூஜ்யம்தான் மிஞ்சும். துளி நகர்ந்தாலும் ஒரு பக்கம் ஓங்கி, மீதம் ஒரு சிறு சைகை வரும். பெரிய எண் ஒன்றில் நடக்கும் சிறு மாற்றத்தைத் தேடாமல், பூஜ்யத்திலிருந்து எழும் சிறு சைகையைத் தேடுவதுதான் இங்கே சூட்சுமம். வெயிலில் சில்லு சூடானாலும் இரு பக்கமும் ஒன்றாக மாறுவதால் பெரும்பாலும் கழிந்து போய்விடும். அணுவைவிடச் சிறிய நகர்வு பிடிபடுவதற்கு இன்னொரு காரணம், அளப்பது ஒரு தனி அணுவின் இடத்தை அல்ல. பற்களின் பரப்பு முழுவதும் உள்ள கோடானுகோடி அணுக்களின் சராசரி இடத்தை. அதையும் திரும்பத் திரும்ப அளந்து சராசரி எடுத்துத்தான் கேமுக்குக் கொடுக்கிறது. ஆண்ட்ராய்டில் கேம்களுக்கென்று வைத்திருக்கும் வேகம் 20 மில்லிநொடிக்கு ஒரு முறை, அதாவது நொடிக்கு 50 முறை.

அந்தரத்தில் நிற்கும் சட்டத்தை எப்படிச் செய்கிறார்கள் என்பதும் அழகு. சிலிக்கான் ஆக்சைடு அடுக்கின் மேல் சட்டத்தைச் செதுக்கிவிட்டு, ஹைட்ரோஃபுளோரிக் அமில ஆவியால் அடியில் உள்ள ஆக்சைடை மட்டும் கரைத்துவிடுவார்கள். சிலிக்கான் கரையாது. சேலம் உருக்காலை இருக்கும் ஊரில், ஸ்பிரிங்குக்கு எஃகு போதாதா என்று கேட்கத் தோன்றும். எஃகை லட்சக்கணக்கான முறை வளைத்தால் சோர்வு வரும். சிலிக்கான் அறை வெப்பநிலையில் அவ்வளவு எளிதில் சோர்வதில்லை. வளைத்தால் இருந்த இடத்துக்கே திரும்பும். மின்னணுவியல் பொருள் என்று மட்டுமே பார்க்கப்பட்ட சிலிக்கானை இயந்திரப் பொருளாகவும் பார்க்கலாம் என்று அமெரிக்கப் பொறியாளர் கர்ட் பீட்டர்சன் 1982இல் விரிவாக எழுதிய கட்டுரை இந்தத் துறைக்கே வழி காட்டியது.

இப்போது ஏற்காடு பஸ்ஸுக்கு வருவோம். பஸ் வலப்பக்கம் திரும்புகிறது. சட்டம் நேராகப் போகப் பார்க்கிறது. ஆகவே போனுக்குள் அது இடப்பக்கம் ஒதுங்குகிறது. போனை இடப்பக்கம் சாய்த்தாலும் சட்டம் இடப்பக்கம்தான் சரியும். பற்களுக்குத் தெரிவதெல்லாம் இடைவெளி மட்டுமே. பஸ் மணிக்கு 18 கிலோமீட்டரில், அதாவது நொடிக்கு 5 மீட்டரில், 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்பினால் பக்கவாட்டு முடுக்கம் 2.5 மீட்டர்/நொடி². புவியீர்ப்பு அதே அலகில் 9.8. இரண்டையும் வகுத்துக் கோணம் எடுத்தால் 14 டிகிரி. கை ஆடாமல் பிடித்திருந்தாலும், போனை இடப்பக்கம் 14 டிகிரி சாய்த்ததாகத்தான் கேமுக்குத் தகவல் போகும். வளைவில் நம் உடம்பும் இடப்பக்கம் சரிவதால் அதுவும் சேர்ந்துகொள்ளும்.

இது மலிவான சில்லின் குறை இல்லை. எத்தனை விலை உயர்ந்த முடுக்கமானியாலும் தனியாக நின்று ஈர்ப்பையும் முடுக்கத்தையும் பிரித்துச் சொல்ல முடியாது. 1907இல் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஐன்ஸ்டைன் பிடித்துக்கொண்ட நூல்முனை இதுதான். அதைத் தொடர்ந்து போய்த்தான் 1915இல் ஈர்ப்பை விளக்கும் பொதுச் சார்பியல் கொள்கைக்கு வந்து சேர்ந்தார்.

பிரித்தறிய வேண்டுமென்றால் இரண்டாவது சாட்சி வேண்டும். அதுதான் கைரோஸ்கோப். அதற்குள்ளும் ஒரு சிலிக்கான் துண்டு ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருக்கும். போன் சுழன்றால், சுழற்சியால் தோன்றும் கொரியாலிஸ் விசை அதைப் பக்கவாட்டில் தள்ளும். பஸ் திரும்பும்போது "போன் இடப்பக்கம் சாயவே இல்லை" என்று கைரோ சொல்வதால், நல்ல கேம் முடுக்கமானியின் பேச்சைச் சற்று நேரம் ஒதுக்கி வைக்கும். விலை குறைந்த போன்கள் பலவற்றில் கைரோ கிடையாது. மாணவருடைய போனும் அந்த ரகமாகத்தான் இருக்க வேண்டும். நம் உள்காதிலும் இதே ஜோடி உண்டு: சுண்ணாம்புத் துகள்களைச் சுமந்த முடிசெல்கள் முடுக்கமானி, மூன்று அரைவட்டக் குழாய்கள் கைரோ. காது "திரும்புகிறோம்" என்று சொல்ல, கேமைப் பார்க்கும் கண் அதை மறுக்க, மூளை குழம்பித்தான் பாதி வழியில் வாந்தி வருகிறது.

ஆகவே மலிவு கேம்களை விமர்சிப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, எந்தப் போனில் விளையாடினீர்கள், அதில் கைரோ இருக்கிறதா, உட்கார்ந்த இடத்தில் விளையாடினீர்களா என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். பிறகு பார்க்க வேண்டியது வடிகட்டல். சைகையை அதிகம் சராசரி எடுத்தால் கார் தாமதமாகத் திரும்பும். குறைவாக எடுத்தால் கார் நடுங்கும். இரண்டுக்கும் நடுவே சரியான இடத்தைப் பிடித்த 30 ரூபாய் கேம், பளபளக்கும் 300 ரூபாய் கேமைவிட மேல். நேர்நிலையை நாமே சரிசெய்யும் வசதி இருந்தால் இன்னொரு ஸ்டார் தாராளமாகக் கொடுக்கலாம்.

அதே ப்ளே ஸ்டோரில் பேயைக் கண்டுபிடிக்கும் ஆப்களும் கிடைக்கின்றன. போனில் இருக்கும் காந்த உணரியின் எண்ணையோ, சும்மா எழுப்பிய எண்ணையோ காட்டிப் பயமுறுத்துவதுதான் அவற்றின் வேலை. இரும்புக் கட்டில் பக்கத்தில் போனாலும் முள் துள்ளும். அணுவைவிடச் சிறிய நகர்வை அளக்கும் கருவி கையில் இருக்க, பிள்ளைகள் அதைப் பேய் தேடப் பயன்படுத்துவது எனக்கு உண்மையிலேயே வருத்தம். 2021 டிசம்பரில் மத்திய அரசு குறைக்கடத்தித் தொழிலுக்கு 76,000 கோடி ரூபாய் அறிவித்தது. பெரிய ஆலைகள் வரட்டும். ஆனால் இந்தச் சீப்புச் சில்லுக்கு அதிநவீன நானோமீட்டர் கோடுகள் தேவையில்லை, மைக்ரோமீட்டர் போதும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் நானோ மையத்தில் வெளிக் கல்லூரியினரும் போய் வேலை செய்ய வழி செய்திருக்கிறார்கள். அங்கே இருப்பது போல, சில்லு செய்யத் தூசி புகாத ஒரு சுத்த அறை, சிறியதாக இருந்தாலும், சேலம் அரசு பொறியியல் கல்லூரி மாதிரி இடங்களுக்கு வர வேண்டும். அந்தப் பணத்தில் ஒரு துளி இதற்கு வந்தால் போதும்.

அதுவரை கையில் இருக்கும் போனே ஆய்வகம். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்ற இலவச ஆப், முடுக்கமானியின் எண்களை அப்படியே வரைபடமாக்கும். ஏற்காடு பஸ்ஸில் போனை மடியில் படுக்க வைத்துப் பதிவு செய்தால், 20 கொண்டை ஊசி வளைவுகளும் மேடும் பள்ளமுமாகத் திரையில் வந்து நிற்கும். பைக்கில் போனைக் கவ்வியில் மாட்டி, ஓட்டுகிறவர் தொடாமல் பதிவு செய்தால் கதையே வேறு. அதே வேகம், அதே வளைவு என்றால் பைக் உண்மையாகவே 14 டிகிரி உள்பக்கம் சாய்ந்திருக்கும்; ஆனால் பக்கவாட்டு எண் கிட்டத்தட்ட பூஜ்யத்திலேயே நிற்கும், ஏனென்றால் சட்டம் உணரும் மொத்த விசை பைக்கின் உடம்போடு நேர்கோட்டில் விழுகிறது. மொத்த எண் மட்டும் 9.8இலிருந்து 10.1 ஆக ஏறும். வளைவைக் காட்டிக்கொடுப்பது அந்த 0.3 மட்டுமே.