டயஸ்போரா: புலம்பெயர் சமூகம்

'டயஸ்போரா' கிரேக்கச் சொல். விதையை எங்கும் தூவிச் சிதறடித்தல் என்பது அதன் வேர்ப்பொருள். எபிரேய மறைநூலை அலெக்சாந்திரியாவில் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள், நாடிழந்து சிதறிய யூதர்களுக்கு இதைப் பயன்படுத்தினார்கள். பின்னாளில் சமூகவியல் இதன் பொருளை விரித்தது. சமூகவியலாளர் ராபின் கோஹன் 1997இல் செய்த டயஸ்போரா வகைப்பாட்டில் சீனர்கள் வணிகப் பிரிவில் வருகிறார்கள்.

தமிழில் 'புலம்பெயர்வு' என்பது இடம் மாறும் செயல். இரண்டு ஆண்டு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்புபவருக்கும் அது பொருந்தும். டயஸ்போராவுக்குப் 'புலம்பெயர் சமூகம்' என்பதே சரி. சங்கம், கோயில், பள்ளி, ஊருக்குப் பணம் அனுப்பும் வழி எனத் தலைமுறை கடந்த பிணைப்பு இருந்தால்தான் அது சமூகம். புதிதாக ஆக்கிய சொல்லும் அல்ல. காவிரிப்பூம்பட்டினத்தில் பல மொழி பேசிக் கலந்து வாழ்ந்தவர்களைப் பட்டினப்பாலை 'புலம்பெயர் மாக்கள்' என்கிறது.

சீனர்களைப் பற்றி எழுதும்போது இந்த ஒரு சொல் போதாது. சீன மொழியிலேயே மூன்று உண்டு. 'ஹுவாச்சியாவ்' வெளிநாட்டில் வாழும் சீனக் குடிமகன். இதிலுள்ள 'ச்சியாவ்' தற்காலிகமாகத் தங்குவதைக் குறிக்கும். 'ஹுவாரென்' பிற நாட்டுக் குடியுரிமை பெற்ற சீனர். 'ஹுவாயி' சீன வழித்தோன்றல். சீனத் தந்தைக்குப் பிறந்தவர் எங்கிருந்தாலும் சீனரே என்றது சீனாவின் 1909ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம். 1980ஆம் ஆண்டுச் சட்டமோ இரட்டைக் குடியுரிமையை ஏற்கவில்லை. ஆகவே, பினாங்கில் நான்கு தலைமுறையாக வாழும் மலேசியரை ஹுவாச்சியாவ் என்று எழுதினால் அவரது குடியுரிமையையே மாற்றி எழுதியதாகும். அவர் 'சீன வம்சாவளி மலேசியர்'. ஆய்வு வினாத்தாளில் குடியுரிமை, பிறந்த நாடு, வீட்டு மொழி மூன்றையும் தனித்தனியே கேட்காவிட்டால் கணக்கு இங்கேதான் கெடும்.

'தங்கிச் செல்வோர்' என்ற கருத்தைச் சமூகவியலில் நிறுவியவர் பால் சியூ. சிகாகோவின் சீனச் சலவைக் கடைக்காரர்களை நெருங்கி ஆராய்ந்து, 1952இல் அதைக் கட்டுரையாக்கினார்; 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அந்த ஆய்வேடு நூலாக வந்தது 1987இல்தான். ஊர் திரும்பும் எண்ணத்திலேயே ஆண்டுக்கணக்கில் துணி வெளுத்து, தேய்த்து, வெள்ளையர் சமூகத்தோடு ஒட்டாமல் வாழ்ந்தவர்களை அவர் காட்டினார். ஆனால் அந்த ஒட்டாமையை அவர்களது மனப்போக்காக மட்டும் படிப்பது பெரும் பிழை. அமெரிக்காவின் 1882ஆம் ஆண்டுச் சீனர் விலக்குச் சட்டம் சீனத் தொழிலாளர் வருகையைத் தடுத்தது, குடியுரிமையையும் மறுத்தது. 1943இல் அது நீக்கப்படும்வரை பலரால் மனைவி மக்களை அழைத்துக்கொள்ள வழியே இல்லை.