சிபிஐ, அமலாக்கத்துறையை நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு

தமிழ்நாட்டில் சந்தேகத்துக்கு இடமாக ஒரு சாவு விழுந்தால், உறவினர்கள் உடலை வாங்க மறுத்து மறியலில் உட்கார்ந்து முதலில் கேட்பது சிபிஐ விசாரணை. சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் சித்திரவதைக்கு ஆளாகிச் செத்தபோது அதைத்தான் கேட்டார்கள். 2025 ஜூனில் திருப்புவனம் பக்கம் மடப்புரம் கோயில் காவலாளி போலீஸ் விசாரணையில் இறந்தபோது மாநில அரசே வழக்கை சிபிஐக்கு மாற்றியது. அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று கரூர் நெரிசலில் 41 பேர் இறந்த வழக்கை உச்ச நீதிமன்றம் சிபிஐயிடம் கொடுத்தது. இப்படிக் கேட்டு வாங்குகிற இதே ஊரில்தான், ஒரு அரசியல்வாதி வீட்டில் ரெய்டு என்று டிவியில் ஓடினால், "டெல்லிக்காரன் ஏவி விட்டிருக்கான்" என்று டீ ஆறுவதற்குள் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

மதுரையில் கிரிமினல் வக்கீலாக இருக்கிற எனக்கு இந்த இரண்டு குரலும் ஒரே அறையில் கேட்கும். காலையில் வருகிறவர் வழக்கை சிபிஐக்கு மாற்ற உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடச் சொல்வார். சாயங்காலம் வருகிறவர் அமலாக்கத்துறை சம்மனை நீட்டி, "இவங்களை நம்பிப் போகலாமா சார்?" என்பார். இரண்டு பேரிடமும் நான் சொல்வது ஒன்றுதான்: நம்பிக்கையைப் பிறகு பேசிக்கொள்வோம், முதலில் கையில் இருக்கிற காகிதத்தைக் காட்டுங்கள்.

அவநம்பிக்கை சும்மா வந்ததில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். சிபிஐ என்பது 1963 ஏப்ரல் 1 அன்று உள்துறை போட்ட ஒரு தீர்மானத்தில் பிறந்தது. இன்றுவரை அதற்கென்று தனிச்சட்டம் கிடையாது. 1946-ல் வந்த டெல்லி சிறப்புக் காவல் சட்டத்தை வைத்துத்தான் ஓடுகிறது. நிர்வாகம் பிரதமர் பார்க்கும் பணியாளர் துறையின் கீழ். அமலாக்கத்துறை நிதியமைச்சகத்தின் வருவாய்த்துறைக்குக் கீழே. சம்பளம், பதவி நீட்டிப்பு, இடமாற்றம் எல்லாம் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் முகத்தை ஒரு அதிகாரி பார்க்கத்தான் செய்வார். 2013-ல் நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் சிபிஐயைக் கூண்டுக்கிளி என்றது. 2024 செப்டம்பரில் கெஜ்ரிவாலுக்கு ஜாமீன் தரும்போதும் ஒரு நீதிபதி அதே கூண்டை நினைவூட்டினார். நடுவில் ஆட்சி மாறியது, கிளி மாறவில்லை.

இது ஒரு கட்சியின் வேலை என்று நினைப்பவர்கள் 2013 மார்ச்சைத் திரும்பிப் பார்க்கலாம். காங்கிரஸ் கூட்டணி அரசுக்குத் தந்த ஆதரவை திமுக விலக்கிக்கொண்ட இரண்டே நாளில், வெளிநாட்டு கார் இறக்குமதி வழக்கு என்று மு.க. ஸ்டாலின் வீட்டு வாசலில் சிபிஐ நின்றது. அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரமே அந்த ரெய்டு சரியில்லை என்றார். அவர் நிதியமைச்சராக இருந்த 2005-ல்தான் பணமோசடித் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2019 ஆகஸ்ட்டில் அவர் வீட்டுச் சுவரேறிக் குதித்து சிபிஐ அவரைக் கைது செய்தது. பிறகு அமலாக்கத்துறையும் அதே பணமோசடிச் சட்டத்தின் கீழ் கைது செய்தது. இரண்டுக்கும் சேர்த்து 106 நாள் உள்ளே.

எண்ணிக்கையும் மக்கள் பக்கம்தான் பேசுகிறது. 2015 ஏப்ரல் முதல் 2025 பிப்ரவரி வரை இந்நாள், முன்னாள் எம்.பி., எம்.எல்.ஏ. உள்ளிட்ட அரசியல்வாதிகள் மீது அமலாக்கத்துறை பதிவு செய்தது 193 வழக்கு, தண்டனையில் முடிந்தது 2 என்று நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசே பதில் சொன்னது. எங்கள் தொழிலில் இதற்கு வேறு விளக்கமும் உண்டு: மூல வழக்கு (அந்தப் பணம் வந்த குற்றத்தின் வழக்கு) முடியாமல் பணமோசடி வழக்கு முடிவது கஷ்டம், அது இழுத்தால் இதுவும் இழுக்கும். சரிதான். ஆனால் பணமோசடிச் சட்டத்தின் 45-ஆவது பிரிவின்படி, ஆள் குற்றமற்றவர் என்று நம்பக் காரணம் இருந்தால்தான் நீதிபதி ஜாமீனே தரலாம். விசாரணை நகராது, ஜாமீனும் கிடைக்காது என்றால் ரிமாண்டே தண்டனையாகிவிடுகிறது. டெல்லி துணை முதல்வராக இருந்த மணீஷ் சிசோடியா 17 மாதம் உள்ளே இருந்துவிட்டு, விசாரணை இப்போதைக்கு முடியாது என்ற காரணத்துக்காகத்தான் ஜாமீனில் வந்தார்.

இதுவரை நான் சொன்னதற்குத் தலையாட்டுகிறவர்கள் அடுத்த வழக்கில் என்னோடு சண்டை போடுவார்கள். செந்தில்பாலாஜி வழக்கு.

2011 முதல் 2015 வரை அவர் அதிமுக ஆட்சியில் போக்குவரத்து அமைச்சர். டிரைவர், கண்டக்டர் வேலைக்குப் பணம் வாங்கினார்கள் என்பது புகார். நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும் கொடுத்துவிட்டு வேலை கிடைக்காதவர்கள் கொடுத்த புகார் அது. எஃப்ஐஆர் போட்டது டெல்லி இல்லை, சென்னை மத்தியக் குற்றப்பிரிவு. அப்போது எதிர்க்கட்சியாக இருந்த திமுக அதை ஊழல் என்றது. 2018 டிசம்பரில் அவர் திமுகவுக்கு வந்தார், 2021-ல் அமைச்சரானார். அந்த ஆண்டே ஒரு வழக்கில் புகார்தாரரும் எதிரிகளும் (குற்றம் சாட்டப்பட்டவர்கள்) சமாதானமாகிவிட்டார்கள் என்று வழக்கு ரத்தானது. 2022-ல் உச்ச நீதிமன்றம் அதைத் திரும்ப உயிர்ப்பித்தது. லஞ்சப் புகாரை இரண்டு பேர் பேசி முடித்துக்கொள்ள முடியாது, அதில் ஊரே பாதிக்கப்பட்ட தரப்பு. 2023 மே மாதம் அமலாக்கத்துறை விசாரிக்கலாம் என்றும் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. ஜூன் 14 விடிவதற்குள் கைது.

கைது நடந்த விதம், தலைமைச் செயலக அறைவரை போய்ச் சோதனை, ஆஸ்பத்திரி, கேமரா எல்லாம் அரசியல் வாசனை அடித்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நோக்கம் அரசியலாக இருந்தால் புகார் பொய்யாகிவிடுமா? இந்த இரண்டு கேள்வியையும் ஒன்றாகக் கட்டிவிட்டதுதான் நம் பொதுப்பேச்சின் பெரிய கோளாறு. 15 மாதம் கழித்து 2024 செப்டம்பரில் ஜாமீன் வந்தது, மூன்றே நாளில் மறுபடி அமைச்சர், பதவியா ஜாமீனா என்று உச்ச நீதிமன்றம் கேட்டபிறகு 2025 ஏப்ரலில் ராஜினாமா. இதெல்லாம் தலைப்புச் செய்தி. செய்தியில் சின்னதாக வந்தது வேறு: மூல வழக்கில் மாநில போலீஸ் சேர்த்த எதிரிகள் 2,000 பேருக்கு மேல். வேலைக்குப் பணம் கொடுத்தவர்களும் அதில் எதிரிகள். இத்தனை பேரை வைத்து விசாரணை நடத்த கிரிக்கெட் மைதானம்தான் வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே கேலி செய்தது. மத்திய அமைப்பின் அவசரத்தைச் சந்தேகப்படுகிற நாம் மாநில அமைப்பின் நிதானத்தையும் கொஞ்சம் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

செந்தில்பாலாஜி கைதான அன்றே, ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகக் கேட்காமல் இங்கே விசாரிக்க சிபிஐக்குக் கொடுத்திருந்த பொது ஒப்புதலைத் தமிழ்நாடு அரசு திரும்பப் பெற்றது. "இனிமே ரெய்டு வராதுல்ல சார்?" என்று அப்போது பலர் கேட்டார்கள். வரும். அந்த ஒப்புதல் சிபிஐக்கு மட்டும்தான். அமலாக்கத்துறைக்கு மாநில ஒப்புதலே தேவையில்லை. உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ உத்தரவிட்டால் சிபிஐக்கும் தேவையில்லை, 2010-லேயே அரசியல் சாசன அமர்வு அதைச் சொல்லியாயிற்று.

மாநிலம், மத்தி என்று பக்கம் பிரித்து நம்புவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எங்கள் ஊர்ப்பக்கத்திலேயே உதாரணம் உண்டு. 2023 டிசம்பர் 1 அன்று, அரசு டாக்டர் ஒருவரிடம் 20 லட்சம் லஞ்சம் வாங்கியதாக மதுரை அமலாக்கத்துறை அலுவலக அதிகாரி ஒருவரை மாநில லஞ்ச ஒழிப்புத்துறை திண்டுக்கல்லில் பிடித்தது. பிடித்த கையோடு மதுரை அலுவலகத்துக்குள்ளும் புகுந்து சோதனை. எங்கள் அலுவலகத்தில் அத்துமீறி நுழைந்தார்கள் என்று அமலாக்கத்துறை டிஜிபியிடம் புகார் கொடுத்தது. அன்றைக்குக் கோர்ட் வளாகத்தில் வக்கீல்களுக்குள்ளேயே இரண்டு அணி. அந்த டாக்டரிடம் பணம் கேட்டார்களா இல்லையா என்பதைப் பற்றிப் பேசியவர்கள்தான் குறைவு.

அமைச்சர்களுக்குப் பெரிய வக்கீல்கள் இருக்கிறார்கள். நான் இதை எழுதுவது சம்மன் கையில் வைத்துக்கொண்டு தூங்காமல் இருக்கிற ஆட்களுக்காக.

சில நாள் முன்பு ஜவுளி கமிஷன் வியாபாரி ஒருவர் வந்தார் (தொழிலை மாற்றிச் சொல்கிறேன்). அவரிடம் சரக்கு எடுத்த ஒரு கம்பெனி மீது வழக்கு. சம்மனை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார், மடிப்பில் கிழிந்தே போயிருந்தது. "நான் எந்தக் கட்சியிலயும் இல்லையே சார், எனக்கு எதுக்கு அனுப்புறாங்க?" என்றார். அமலாக்கத்துறை என்றாலே கட்சிக்காரர்களைப் பிடிக்கிற துறை என்று அவர் மனதில் பதிந்துவிட்டது. அதனால் இரண்டே வழிதான் அவருக்குத் தெரிந்தது: போகாமல் ஒளிவது, அல்லது போய் அவர்கள் நீட்டுகிற இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவது. இரண்டும் ஆபத்து.

சம்மனில் முதலில் பிரிவு எண்ணைப் பாருங்கள். சிபிஐயோ போலீசோ சாட்சியாகக் கூப்பிட்டால் பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 179 என்றிருக்கும். பெண்களையும் 60 வயது தாண்டியவர்களையும் வீட்டைவிட்டு வேறிடத்துக்கு வரச்சொல்ல முடியாது. அங்கே எழுதுகிற வாக்குமூலத்தில் உங்கள் கையெழுத்தும் கிடையாது. அதே சட்டத்தின் 35(3) என்றிருந்தால் உங்கள் மேலேயே குற்றச்சாட்டு இருக்கிறது என்று அர்த்தம். பணமோசடிச் சட்டம் பிரிவு 50 என்றிருந்தால் விஷயமே வேறு. போகாமல் இருக்க முடியாது, பொய் சொன்னால் தனி வழக்கு, சொன்னதில் கையெழுத்து வாங்குவார்கள், அது கோர்ட்டில் உங்களுக்கு எதிராகவே சாட்சியமாக நிற்கும். பெண் என்பதால் வீட்டில் வந்து விசாரியுங்கள் என்ற சலுகை இதற்குப் பொருந்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது.

ஆகவே போங்கள், ஆனால் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இங்கிலீஷில் தட்டச்சு செய்து நீட்டினால், தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், அப்படி வாசித்துக் காட்டியதையும் எழுதச் சொல்லுங்கள். தெரியாததற்குத் "தெரியாது", நினைவில்லாததற்கு "கணக்கைப் பார்த்துச் சொல்கிறேன்". யூகம் வேண்டாம். நான் பார்த்த வரையில் பலரைச் சிக்கலில் மாட்டியது அவர்கள் செய்த தப்பு இல்லை, அதிகாரியைச் சந்தோஷப்படுத்தச் சொன்ன யூகம்தான்.

மூல வழக்கு என்ன என்று கேட்கவும் தயங்கக் கூடாது. அமலாக்கத்துறையின் இசிஐஆர் (வழக்கு பற்றி அவர்கள் தங்களுக்குள் பதியும் ஆவணம்) நகலைத் தரவேண்டியதில்லை என்று 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனால் அதே தீர்ப்புதான், மூல வழக்கில் விடுதலையானால் பணமோசடி வழக்கும் நிற்காது என்றது. சேலம் மாவட்டம் ஆத்தூர் பக்கம் வயதான இரு விவசாயிகளுக்கு 2023-ல் சம்மன் வந்தது, உறையின் மேல் அவர்கள் சாதிப் பெயரோடு. மூல வழக்கு காட்டெருமை செத்த வழக்கு. அதில் அவர்கள் 2021-லேயே விடுதலை. விஷயம் வெளியே வந்து நாறியபிறகு அந்த வழக்கை மூடுவதாக அமலாக்கத்துறை சொன்னது. அந்தச் சம்மனை எழுதியவர் மூல வழக்கின் தீர்ப்பைத் தேடிப் பார்த்திருந்தால் தபால் செலவுகூட மிச்சம்.

கைது என்று வந்துவிட்டால் காரணத்தை எழுத்தில் கொடுத்தே ஆகவேண்டும்; 2023 அக்டோபரில் பங்கஜ் பன்சல் வழக்கில் அமலாக்கத்துறைக்கு உச்ச நீதிமன்றம் இட்ட கட்டளை அது. சம்மனுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை என்பது மட்டும் கைதுக்குக் காரணமாகாது என்றும் அதில் இருக்கிறது. 2025 நவம்பரில் இதை எல்லாக் குற்றங்களுக்கும் விரித்து, கைதாகிறவருக்குப் புரிகிற மொழியில் கொடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நமக்குத் தமிழில். கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று. இந்த அமைப்புகள் யாரை வேண்டுமானாலும் தூக்கும் என்ற பயம் ஊறிப்போனதில் லாபம் பார்த்தவர்கள் வாட்ஸ்அப் திருடர்கள். உங்கள் ஆதாரில் சிம் வாங்கிப் பணமோசடி நடந்திருக்கிறது, சிபிஐ பேசுகிறோம், கேமராவை அணைக்காதே என்று மிரட்டி, ஓய்வூதியப் பணத்தை உருவுகிறார்கள். ஏமாந்து வருகிறவர்கள் படித்தவர்கள்தான். "அவங்க எதையும் செய்வாங்கன்னு நினைச்சேன் சார்" என்கிறார்கள். வீடியோ காலில் கைது செய்ய எந்தச் சட்டத்திலும் இடமில்லை, சரிபார்ப்பதற்காகப் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றச் சொல்லும் நடைமுறையும் எந்தத் துறையிலும் இல்லை. அமலாக்கத்துறையின் கணினியில் உருவாகும் சம்மனில் க்யூஆர் கோடும் கடவுஎண்ணும் இருக்கும். அவர்கள் இணையதளத்தில் போட்டால் உண்மையா போலியா என்று தெரிந்துவிடும். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு நாளைக் கடத்தாமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால் முடக்க வாய்ப்பு உண்டு.