எக்கோ சவுண்டர் ஆழத்தை அளப்பதில்லை

கடலடி அளவைக்குப் புதிதாக வருகிறவர்களிடம், ஒலியை அனுப்பி ஆழம் சொல்லும் எக்கோ சவுண்டரைக் காட்டி நான் முதலில் கேட்பது இதுதான்: "திரையில் 10.4 மீட்டர் என்று தெரிகிறதே, கருவி எதை அளந்தது?" ஆழத்தை என்பார்கள். இல்லை, அது அளந்தது நேரத்தை மட்டும்தான். படகின் அடியிலிருந்து ஓர் ஒலித்துடிப்பு புறப்பட்டுத் தரையில் பட்டுத் திரும்பிய நேரம். அதை ஒலியின் வேகத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் ஆழம் வரும். அந்த வேகத்தைக் கருவிக்குச் சொல்வது நாம். தவறு நுழைகிற வாசலும் அதுதான்.

பெரும்பாலும் விநாடிக்கு 1500 மீட்டர் என்று வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். ஒலியோ தண்ணீருக்குத் தண்ணீர் வேகம் மாறும். சூடு கூடினால் விரையும், உப்புக் கூடினாலும் விரையும், ஆழத்தின் அழுத்தத்திலும் விரையும். குளிர்ந்த நன்னீரில் 1440 அளவுக்கு இறங்கிவிடும். அங்கே 1500 என்ற கணக்கோடு போனால், உண்மையில் 10 மீட்டர் இருக்கும் இடம் 10.4 என்று தெரியும். இல்லாத நாற்பது சென்டிமீட்டர் தண்ணீரை நம்பிக் கப்பலைக் கொண்டுபோகிறோம் என்று பொருள்.

நானும் இதில் மாட்டியிருக்கிறேன். ஒரு முகத்துவாரத்தில் காலையில் ஒலிவேகமானியை இறக்கி அளந்துவிட்டு, அதே அளவை மதியமும் பயன்படுத்தினோம். அதற்குள் ஓதம் வடிந்து, ஆற்று நீர் மேலே படர்ந்துவிட்டது. பல ஒலிக்கற்றைகளை விசிறிபோல் விரித்து அளக்கும் மல்டிபீம் கருவியின் படத்தில் தட்டையான தரை இரு ஓரங்களிலும் வளைந்து நின்றது. வளைவு மேல்நோக்கினால் சிரிப்பு, கீழ்நோக்கினால் முகச்சுளிப்பு என்பது எங்கள் தொழிலின் வேடிக்கைப் பேச்சு. எங்களுக்கு அன்று அழுகைதான். அரை நாள் வேலையைத் திரும்பச் செய்தோம்.

வேகம் சரியாக இருந்தாலும், ஒலி எதில் பட்டுத் திரும்பியது என்ற கேள்வி மிஞ்சுகிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், பல ஆயிரம் மீட்டர் ஆழமுள்ள கடலில் சில நூறு மீட்டரிலேயே ஒரு தரை தெரிந்தது. இரவானால் அந்தத் தரை மேலே எழுந்து வந்தது! கூட்டமாக மிதந்த மீன்களும் சிற்றுயிர்களும்தான் அது. சேறு படியும் துறைமுகங்களில் இன்னொரு சிக்கல். 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி குழைசேற்றின் மேற்பரப்பிலேயே திரும்பிவிடும். 33 கிலோஹெர்ட்ஸ் அதை ஊடுருவி இன்னும் கீழே போகும். ஒரே இடத்துக்கு இரண்டு ஆழம், இரண்டும் சரி. தூர்வாரும் ஒப்பந்தங்களில் சண்டை மூள்வதும் இங்கேதான். சரிவான தரையிலும் கவனம் தேவை. அகன்ற ஒலிக்கற்றையில் பக்கத்து மேட்டின் எதிரொலி முதலில் வந்துவிடுவதால், நேர் கீழே உள்ள பள்ளம் தெரியாமலே போகும்.

படகு வைத்திருப்பவர்கள் மறந்துபோகும் ஒன்று உண்டு. கருவி காட்டுவது படகுக்கு அடியில் இருப்பதை, முன்னால் இருப்பதை அல்ல. பாறை எண்ணாகத் தெரியும்போது நீங்கள் அதன் மேல் இருப்பீர்கள். முன்னால் உள்ளதற்கு வரைபடத்தைத்தான் நம்ப வேண்டும். அதற்கும் வயது உண்டு. 1992 ஆகஸ்ட் 7 அன்று 'குயின் எலிசபெத் 2' கப்பல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் கரையருகே, வரைபடத்தில் இல்லாத பாறையில் மோதியது. அங்கே அளவை நடந்தது 1939இல். போதாக்குறைக்கு, வேகமாகச் செல்லும் கப்பல் ஆழம் குறைந்த நீரில் வழக்கத்தைவிடத் தாழ்ந்து அமிழும். அன்று அதையும் குறைத்தே கணக்கிட்டிருந்தார்கள்.

இன்னொன்று: உங்கள் கருவியின் பூஜ்யம் எங்கே? நீர்மட்டத்திலா, ஒலி புறப்படும் முகப்பிலா, படகின் அடிக்கட்டையிலா? மூன்றும் மூன்று எண்களைத் தரும். வாங்கிய அன்றே பார்த்து எழுதி, திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

சோதிக்கும் வழி மிகப் பழையது. ஓர் இரும்புத் தட்டைச் சங்கிலியில் கட்டி, நீர்மட்டத்திலிருந்து சரியாக 5 மீட்டரில் கருவிக்கு நேர் கீழே தொங்கவிடுங்கள். பூஜ்யத்தை நீர்மட்டத்தில் வைத்தால் திரையில் 5 வருகிறதா என்று பாருங்கள், பிறகு 10 மீட்டருக்கு இறக்குங்கள். 5இல் உள்ளதைவிட 10இல் பிசகு கூடினால் வேகத்தைத் திருத்துங்கள். இரண்டிலும் ஒரே அளவு பிசகினால் பூஜ்யத்தைத் திருத்துங்கள்.