விதைக் கழிவில் சாறு எடுக்க மானியம்: மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்

மாங்கூழ் ஆலைகள் ஒதுக்கும் மாங்கொட்டை, புளி உடைக்கும் இடத்தில் சேரும் புளியங்கொட்டை, சாறு பிழிந்தபின் மிஞ்சும் திராட்சை விதை. இவற்றிலிருந்து ஹெக்சேன் என்ற பெட்ரோலியக் கரைப்பான் இல்லாமல், எத்தனால் என்ற ஆல்கஹாலோ வெந்நீரோ வைத்துச் சத்துகளைப் பிரிக்கும் சிறு தொழிலுக்கும் மானியம் கேட்கலாம். குறு உணவுத் தொழில்களுக்கான பிரதமர் திட்டம் அது, அலுவலகத்தில் பி.எம்.எஃப்.எம்.இ. என்பார்கள். 2020-ல் வந்து 2025-26 வரை நீட்டிக்கப்பட்ட மத்தியத் திட்டம். இப்போது மனு வாங்குகிறார்களா என்று முதலில் கேட்டுவிடுங்கள். தகுதியான திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய். கைப்பணம் குறைந்தது 10 சதவீதம், மீதி வங்கிக் கடன்.

நிறையப் பேர் விழும் குழி இது: திட்டம் உணவுக்கு மட்டும். மாங்கொட்டைக் கொழுப்பைத் தின்பண்டம் செய்பவருக்கு விற்றால் உணவு, க்ரீம் செய்பவருக்கு விற்றால் இல்லை. புளியங்கொட்டை மாவு நெசவு ஆலைக்குப் போனாலும் அதே கதை. திட்ட அறிக்கையில் இரண்டையும் கலந்து எழுதினால் கோப்பு மேஜை மேஜையாகச் சுற்றும். உணவல்லாத பொருளுக்கு பி.எம்.இ.ஜி.பி. என்ற இன்னொரு மத்திய மானியத் திட்டம் இருக்கிறது, ஆனால் அது புதிதாகத் தொடங்குபவருக்கு. ஆசையில் முன்பே மெஷினை ஓட்டத் தொடங்கியவர் அங்கே அடிபட்டுப் போவார். பி.எம்.எஃப்.எம்.இ.யிலும் கடன் ஒப்புதலுக்கு முன் சொந்தப் பணத்தில் வாங்கிய மெஷினைக் கணக்கில் சேர்க்க வைப்பது பெரும்பாடு. ‘ஸ்டாக் தீரப்போகுது, அட்வான்ஸ் போடுங்க’ என்று மெஷின்காரர் அவசரப்படுத்தினால், ஜி.எஸ்.டி. எண் போட்ட கொட்டேஷனை மட்டும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

மானியம் கைக்கு வராது. மூன்று வருடம் வங்கியில் உங்கள் பெயரில் தனிக்கணக்கில் கிடக்கும். தவணை ஒழுங்காகக் கட்டி, தொழிலும் நடந்தால்தான் கடனில் கழிப்பார்கள். நிலத்தின் விலையும் சேராது.

அப்புறம் கரைப்பான். ‘பசுமை’ என்று எழுதியதற்காக எந்த அலுவலகமும் வழிவிடாது, சொல்லப்போனால் எத்தனால்தான் கூடுதல் அலைச்சல். தமிழ்நாட்டில் அதற்கு மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் உரிமம் வேண்டும். அலைச்சலுக்குப் பயந்து வார்னிஷுக்கு வாங்கும் டீநேச்சர்ட் ஸ்பிரிட்டில் கைவைக்காதீர்கள். குடிக்க முடியாதபடி நஞ்சு கலந்தது, உணவில் அதன் மிச்சம் வரக்கூடாது. கரைப்பானுக்குப் பதில் அழுத்திய கரியமில வாயுவால் சத்தைப் பிரிக்கும் முறை கேட்க எளிது, ஆனால் 74 பார் அளவுக்கு மேல் அழுத்தம் தாங்கும் கலன் வேண்டும். அதற்கு வெடிபொருள் பாதுகாப்புத் துறையின் விதிகள் தனி. முதல் முயற்சிக்கு வெந்நீர் முறையில் வரும் சாறே நிம்மதி என்பது என் எண்ணம்.

இதைவிடப் பெரிய இடி உணவுப் பாதுகாப்பு ஆணையம். பழத்தைத் தின்கிறோம், கொட்டைச் சாற்றுக்கு என்ன தடை என்று கேட்கத் தோன்றும். ஆணையத்தின் பட்டியலில் தாவரத்தோடு அதன் எந்தப் பாகம் என்பதையும் பார்ப்பார்கள். விதை அதில் இல்லை என்றால், 2017 விதிமுறைப்படி முன் அனுமதி வாங்கித்தான் விற்க முடியும். உள்ளூரில் இதற்குப் பதில் சொல்ல ஆள் கிடைப்பது அபூர்வம். ஆகவே கடன் மனு போடும் முன்பே பட்டியலை நீங்களே பாருங்கள். பொருளை விற்க முடியாமல் நின்றாலும் தவணை நிற்காது.

‘பட்டா இருக்கா?’ என்பதுதான் வங்கியில் காதில் விழும் முதல் கேள்வி. சிறு, குறு தொழில் கடனில் 20 லட்சம் ரூபாய் வரை (2026 ஏப்ரலுக்கு முன் 10 லட்சம்) அடமானம் கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்மொழி ‘இல்லை’யை வைத்துக்கொண்டு மேலே எங்கும் போக முடியாது.

மனு போட்டுத் தருகிறேன், இத்தனை சதவீதம் கொடு என்று யாராவது வந்தால் கொடுக்காதீர்கள். மனு, அறிக்கை, வங்கி வேலைக்கெல்லாம் உதவ மாவட்ட வள நபர் என்று ஒருவரைத் திட்டமே வைத்திருக்கிறது, கூலியையும் திட்டமே கொடுக்கிறது. மாவட்டத் தொழில் மையத்தில் அவர் பெயரைக் கேளுங்கள். ‘நாளைக்கு வாங்க’ என்றால் போன் நம்பரை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.